டான்ஸ், நாட்டியம், ஆட்டம்: ஒரே அசைவுக்கு ஏன் இத்தனை பேர்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களைக் குறைத்து, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)



இந்த எபிசோட் ஒரு வீட்டுப் பஞ்சாயத்துல இருந்து ஆரம்பிக்குது. மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திண்டுக்கல். கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழான்னா டவுனே ராத்திரி தூங்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவுல எங்க வீட்டுல தனியா ஒரு சத்தம்.

அண்ணன் பொண்ணுக்குப் பத்து வயசு. பக்கத்துல சனி, ஞாயிறு பறையாட்டம் சொல்லித் தர்றாங்களாம், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்றாங்களாம், தானும் போறேன்னு நின்னா. எங்க அம்மா, அதாவது அவளோட அப்பத்தா, ஒரே வார்த்தையில முடிச்சாங்க. "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு ஆத்தா ஆட்டமெல்லாம்? ஆசையா இருந்தா நாட்டியம் கத்துக்க, நான் பீஸ் கட்டுறேன்."

அந்தப் பொண்ணு என் பக்கம் திரும்பிக் கேட்டா: "அதுவும் டான்ஸ், இதுவும் டான்ஸ்தானே சித்தப்பா?"

கேள்வி ரொம்ப நியாயமானது. ஆனா எனக்குப் பதில் தெரியல. கவனிச்சுப் பாருங்க, எங்க அம்மா சாதின்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்ல. சொல்லத் தேவையே இல்ல. 'ஆட்டம்'ங்கற சொல்லே அந்த வேலையைப் பார்த்துடுச்சு. 'நாட்டியம்'ங்கற சொல் இன்னொரு வேலையைப் பார்த்துச்சு. 'டான்ஸ்'ங்கற இங்கிலீஷ் சொல் மட்டும்தான் அந்தக் குழந்தைக்கு ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சுக் காட்டுச்சு.

அப்போ இந்த 'டான்ஸ்' எங்கிருந்து வந்த சொல்? அது உண்மையிலேயே பாரபட்சம் இல்லாத சொல்லா? நாம ஏன் ஒரே மாதிரி விஷயத்துக்கு இத்தனை பேர் வெச்சிருக்கோம்? இன்னைக்கு இதைத்தான் தோண்டப் போறோம்.

அரண்மனையில் இருந்து வந்த சொல்

முதல்ல 'டான்ஸ்'. இது இங்கிலீஷோட சொந்தச் சொல் கிடையாது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பல தலைமுறைக்கு அங்கே அரசவை மொழி பிரெஞ்சு. அந்தப் பிரெஞ்சு வழியாக, கிட்டத்தட்ட 1300-ஐ ஒட்டி இங்கிலீஷுக்குள் நுழைந்த சொல்தான் 'டான்ஸ்'. பழைய பிரெஞ்சில் 'டான்சியேர்'. அதற்கு முன்னால் அந்தச் சொல் எங்கே இருந்தது என்பதில் சொல்லாராய்ச்சியாளர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. பழைய ஜெர்மானிய மொழி ஒன்றில் இருந்து பிரெஞ்சுக்குப் போயிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

சரி, 1300-க்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க ஆடவே இல்லையா? ஆடினாங்க. பழைய இங்கிலீஷில் அதற்கு 'ஹாப்பியன்', 'தும்பியன்', 'சியால்டியன்' என்று சொற்கள் இருந்தன. இப்போ அந்தச் சொற்களோட கதியைப் பாருங்க. 'ஹாப்பியன்' இன்னைக்கு 'ஹாப்': ஒத்தைக்கால்ல தத்துறது. 'தும்பியன்' குடும்பத்தில் மிஞ்சியிருப்பது 'டம்பிள்': உருண்டு விழுறது. 'சியால்டியன்' காணாமலே போச்சு. அரண்மனைக்காரர்கள் செய்தால் அது டான்ஸ். ஊர்க்காரர்கள் செய்ததற்கு இருந்த சொல் குதிக்கிறதுக்கும் விழுறதுக்கும் இறங்கிடுச்சு. ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளிலும் இதே 'டான்ஸ்' குடும்பச் சொற்கள்தான் பரவின. பிரெஞ்சு அரசவையின் மவுசு அப்படி.

ஆக, 'டான்ஸ்' பாரபட்சமில்லாத சொல் இல்லை. அதுவும் ஒரு காலத்தில் எங்க அம்மா சொன்ன 'நாட்டியம்' மாதிரிதான் இருந்திருக்கு.

ஐரோப்பிய மொழிகளில் ஆட்டம் ஒளிஞ்சிருக்கிற சில இடங்களையும் பார்த்துடுவோம், ஏன்னா இது ரொம்பச் சுவாரஸ்யம். 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் இன்னைக்கு வாத்தியக் குழு. கிரேக்கத்தில் அது ஆடுகளம்; நாடக அரங்கில் கோரஸ் குழுவினர் ஆடிய தரை. அந்தக் 'கோரஸ்' என்ற சொல்லே முதலில் ஆடிப் பாடும் குழுவைக் குறித்தது. கிறிஸ்துமஸ் 'கேரல்' ஆரம்பத்தில் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டே பாடும் பாட்டு. பின்னாள் லத்தீனில் 'பல்லாரே' என்றால் ஆடுவது. அதிலிருந்து 'பாலே', 'பேலட்', அப்புறம் பெரிய ஹாலில் ஆடுகிற 'பால்' எல்லாம் வந்தன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. லத்தீனில் 'சல்தாரே' என்றால் குதிப்பது, ஆடுவது. இப்பத்தான் சொன்னேனே, காணாமப் போன 'சியால்டியன்', அது இதிலிருந்து வந்ததுதான். அதே சொல்லுக்கு முன்னால் 'இன்' சேர்த்தால் மேலே ஏறிக் குதிப்பது. அதிலிருந்து வந்த சொல்தான் 'இன்சல்ட்'. அவமானம்ங்கற சொல்லுக்குள்ள ஆட்டம் இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவோம்.

'ஆடு' என்கிற பெரிய சொல்

இப்போ நம்ம பக்கம். தமிழில் 'ஆடு' என்கிற வினைச்சொல் ஒரு தனி உலகம். மரக்கிளை ஆடும், ஊஞ்சல் ஆடும், பல் ஆடும், பஸ்ஸில் நின்னா நாமும் ஆடுவோம். கிரிக்கெட்டும் ஆடுவோம். அதோட நிக்கல. நீராடு, உரையாடு, விளையாடு, கொண்டாடு, போராடு, வாதாடு, மன்றாடு, நடமாடு, தள்ளாடு, ஊசலாடு. குளிக்கிறதுல இருந்து கோர்ட்ல கேஸ் நடத்துற வரைக்கும் 'ஆடு' வருது.

இந்தக் கூட்டுச் சொற்கள் பலவற்றில் 'ஆடு' உடம்பு அசைவைக் குறிக்கவில்லை. ஒரு செயலில் முழுசாக இறங்கியிருப்பதைக் காட்டும் துணைவினையாக மாறிவிட்டது. ஆனாலும் அசைவுக்கும் விளையாட்டுக்கும் கலைக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருந்த மொழியில், அந்தச் சொல் வாழ்க்கை முழுக்கப் பரவியிருக்கு என்பது பெரிய விஷயம். 'டான்ஸ்' மாதிரி மேலிருந்து வந்த சொல் இல்லை இது. எல்லாருக்கும் பொதுவான சொல்.

'நாட்டியம்', 'நடனம்', 'நாடகம்', 'நட்டுவனார்' எல்லாம் இன்னொரு குடும்பம். சமஸ்கிருதத்தில் 'நட்', 'ந்ருத்' என்று இரண்டு வேர்கள், ஆடுவது, நடிப்பது என்ற பொருளில். அந்த 'ந்ருத்' பிராகிருதத்தில் தேய்ந்து 'நச்ச' ஆகி, இந்தியில் 'நாச்' ஆச்சு. இந்த 'நாச்' கொஞ்ச நேரத்தில் கப்பல் ஏறப் போகுது.

அப்புறம் 'கூத்து'. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் பகுதியைப் படித்தால், ஓர் எஞ்சினியரா எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும். மேடைக்கு ஸ்பெக் கொடுத்திருக்கார் இளங்கோவடிகள். 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். அளவுகோலை எப்படி உண்டாக்குவது என்பதும் அங்கேயே இருக்கு. மாதவி ஆடிய 11 ஆடல்களின் பட்டியலும் அந்தக் காப்பியத்தில் வருது. ஆடலை அவ்வளவு நுணுக்கமான தொழிலாகப் பார்த்த காலம் அது.

சாமி கூத்தன், மனுஷன் கூத்தாடி

அடுத்த ஸ்டாப் தஞ்சாவூர், 1010-ஐ ஒட்டிய வருடங்கள். பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களில் இருந்து கொண்டு வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியல் போடுகிறது. சும்மா எண்ணிக்கை இல்லை. ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊரில் எந்தக் கோயிலில் இருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்தப் பக்கம் எத்தனையாவது வீடு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு 100 கலம் நெல். ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் நட்டுவர்கள், பாடுகிறவர்கள், வாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் தனித்தனிப் பங்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எம்ப்ளாயி டேட்டாபேஸ், கல்லுல.

அதே கோயிலில் நெல் அளக்கும் மரக்காலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஆடவல்லான்'. ஆடுவதில் வல்லவன், அதாவது சிவன். சிதம்பரத்தில் சாமிக்குக் கூத்தன் என்று பெயர். புலவர் ஒருவருக்கு ஒட்டக்கூத்தர் என்று பெயர்.

இன்னைக்கு ஒருத்தரை 'கூத்தாடி'ன்னு சொல்லிப் பாருங்க. சண்டைதான். 'கூத்தடிக்கிறான்' என்றால் உருப்படாமப் போறான். சாமி ஆடினா கூத்தன், மனுஷன் ஆடினா கூத்தாடி.

இன்னொரு சொல்லும் இருக்கு. 'தேவரடியார்'. தேவர், அடியார், ரெண்டுமே மரியாதையான சொற்கள். சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர் என்கிற வரலாற்றாய்வாளர், கோயில் பெண்கள் பலர் அந்தக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்களாக வருவதைக் காட்டியிருக்கிறார். எல்லாரும் ஆடியவர்கள்கூட இல்லை. அந்தச் சொல் தேய்ந்து இன்னைக்கு எதுவாக ஆகியிருக்கு என்று நான் சொல்ல வேண்டாம். பெங்களூர் டிராஃபிக்லயும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட்லயும் கோவத்துல முதல்ல வாயில வர்ற கெட்ட வார்த்தை அதுதான். நல்ல நிலைமையில் இருந்த சொல் எப்படி இங்கே வந்து விழுந்தது? அதுக்குத்தான் கப்பல் ஏறணும்.

'நாட்ச்': இங்கிலீஷுக்குப் போன நம்ம ஆட்டம்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் இந்தியாவில் பார்த்த எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பெயர் வைத்தார்கள்: 'நாட்ச்'. இந்தி 'நாச்' இங்கிலீஷில் இப்படி ஆச்சு. லக்னோ தர்பாரில் ஆடினாலும் நாட்ச், தஞ்சாவூரில் சதிர் ஆடினாலும் நாட்ச். ஆடுகிறவர் 'நாட்ச் கேர்ள்'. நூறு ஊர், நூறு பாணி, எல்லாத்துக்கும் ஒரே லேபிள்.

1886-ல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்கிற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவு இருக்கு. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னெல். இவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரபோஜி காலத்து அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அதே தஞ்சாவூர் அரண்மனையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்கிற நால்வர் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சதிரை இன்றைய கச்சேரி வடிவத்துக்கு ஒழுங்குபடுத்தினார்கள். அவ்வளவு நுணுக்கமான கலை வளர்ந்த ஊர். இங்கிலீஷில் அதற்கும் கிடைத்தது அதே 'நாட்ச்' தான்.

போர்த்துகீசியர்கள் நம்ம ஊர் ஆட்டக்காரிகளை 'பைலதேய்ரா' என்றார்கள். 'பாலே' வந்த அதே வேர். அது பிரெஞ்சில் 'பயதேர்' ஆனது. 1838-ல் கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்தில் இருந்து ஐந்து பேர், அதில் ஒருத்தி சிறுமி, மூன்று வாத்தியக்காரர்களோடு பாரிஸுக்கும் பிறகு லண்டனுக்கும் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பற்றி தெயோஃபீல் கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் உருகி எழுதினார். பார் என்ற சிற்பி வெண்கலச் சிலை செய்தார். 1877-ல் ரஷ்யாவில் 'லா பயதேர்' என்றே ஒரு பாலே அரங்கேறியது. இன்னைக்கும் உலகம் முழுக்க ஆடுறாங்க. அதில் இருப்பது ஐரோப்பியக் கற்பனைக் கோயில், ஐரோப்பியக் கற்பனைப் பெண். திருவந்திபுரம் அதில் எங்கேயும் இல்லை.

இதற்குள் 'நாட்ச்' என்கிற சொல் ஒழுக்கக் கேள்வியாக மாறிவிட்டது. 1892-ஐ ஒட்டி மெட்ராஸில் 'ஆன்ட்டி நாட்ச்' இயக்கம் ஆரம்பமானது. மிஷனரிகளும் இங்கிலீஷ் படித்த இந்துச் சீர்திருத்தவாதிகளும் சேர்ந்தது. நாட்ச் நடக்கும் விருந்துகளுக்குப் போகாதீர்கள் என்று 1893-ல் வைஸ்ராய்க்கும் மெட்ராஸ் கவர்னருக்கும் மனு கொடுத்தார்கள். தாங்கள் பார்த்த வரை அதில் தவறாக எதுவும் இல்லை என்கிற மாதிரி இருவருமே ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் படித்த வர்க்கத்துக்குள் கருத்து மாறத் தொடங்கிவிட்டது.

1932: ஒரு ரீநேம்

இங்கே கொஞ்சம் நிதானமாப் போவோம். 'பாவம் கலைஞர்கள், வில்லன் சீர்திருத்தவாதிகள்' என்று சொல்லிவிட்டுப் போவது ஈசி. ஆனால் அது உண்மை இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். அவருடைய அம்மா சந்திரம்மாள் தேவதாசி சமூகத்தில் பிறந்தவர். சின்ன வயசுப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, பிறகு வசதியான ஆண்களின் தயவில் வாழ வைப்பதை முத்துலட்சுமி ரெட்டி உள்ளிருந்து பார்த்தவர். 1927-ல் மெட்ராஸ் சட்டமன்றத்தில் அதைத் தடுக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதே வலியில் இருந்து பேசியவர். 1936-ல் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலே எழுதினார். இவங்க கோபம் கலை மேல இல்ல, அந்த முறை மேல.

எதிர்ப்பக்கத்திலும் பெண்கள்தான். பெங்களூர் நாகரத்தினம்மாள் தலைமையில் தேவதாசிகள் சங்கம் மனு கொடுத்தது: எங்களை விபச்சாரத்தோடு சேர்க்காதீர்கள், எங்களுக்குக் கல்வியும் கலையும் வேண்டும் என்ற பொருளில். நாகரத்தினம்மாள் யாரென்றால், திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பியவர்.

மூன்றாவதாக ஒருத்தர், ஈ. கிருஷ்ணய்யர். வக்கீல். சதிரைக் கற்றுக்கொண்டு, தானே பெண் வேஷம் கட்டி மேடையில் ஆடியவர். முறையை ஒழியுங்கள், கலையை ஏன் ஒழிக்கிறீர்கள் என்பது அவர் வாதம். 1932 கடைசியில் அவருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் பத்திரிகையில் கடித யுத்தமே நடந்தது. கிருஷ்ணய்யர் செயலாளர்களில் ஒருவராக இருந்த மெட்ராஸ் மியூசிக் அகாடமி 1931-லேயே கல்யாணியின் மகள்கள் என்று அறியப்பட்ட கலைஞர்களுக்கு மேடை கொடுத்திருந்தது. இந்த விவாதத்துக்கு நடுவில்தான் சதிர், சின்ன மேளம், தாசியாட்டம் என்ற பெயர்கள் பின்னால் போய், 'பரதநாட்டியம்' முன்னால் வந்தது.

பெயர் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. 'பரதம்' தமிழில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சொல். ஆனால் எல்லாருக்குமான பொதுப் பெயராக அது நிலைத்தது அப்போதுதான். 1935 கடைசியில் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கினார். அதுவரை இந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்காத குடும்பங்கள் தங்கள் மகள்களை வகுப்பில் சேர்த்தன.

சாஃப்ட்வேர் மொழியில் சொன்னால், பழைய கோட் அப்படியே இருந்தது. ஃபோல்டர் பெயரை மாற்றினார்கள், ஓனரையும் மாற்றினார்கள். உள்ளேயும் கொஞ்சம் எடிட் பண்ணாங்க. சிருங்காரம் அதிகமா இருக்குன்னு சில பதங்களைத் தள்ளி வெச்சாங்க. அந்த எடிட்டை ஒத்துக்கொள்ளாதவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி, பரம்பரையாக இந்தக் கலையில் வந்தவர். சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்று கடைசிவரை நின்றார். 1973-ல் அவருக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தது.

1947-ல் மெட்ராஸ் தேவதாசிகள் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது குற்றமானது, கூடவே கோயிலில் அவர்கள் ஆடுவதும் தடையானது. முதல் பாதி பல குழந்தைகளைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது பாதியில் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் தங்கள் தொழிலை இழந்தார்கள். அவர்களுடைய கலைக்குப் புதுப் பெயரும் மரியாதையும் கிடைத்தது. அவர்களுடைய பழைய பெயர் கெட்ட வார்த்தையாகத் தங்கிவிட்டது.

எங்க அம்மா சொன்ன 'நாட்டியம்'ங்கற சொல்லோட மரியாதைக்கு வயசு நூறுகூட ஆகல.

திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம்

மரியாதைப் பட்டியலில் மேலே போக ஒரு ஆட்டத்துக்கு வழி கிடைச்சது. மத்ததுக்கு? எங்க மாவட்டத் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்க. ராஜகம்பளம் நாயக்கர் சமூகத்தினர் உறுமியடிக்குக் கையில் துணி வீசி ஆடுவது தேவராட்டம். தலையில் கரகம் வைத்து ஆடினால் கரகாட்டம். சினிமாப் பாட்டுக்கு ஆடினால் 'ஆடல் பாடல்'. பெரியவங்க வாயில 'ரெக்கார்டு டான்ஸ்'. இந்த ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுக்கள் போவதும், ஆபாசம் கூடாது, சாதி, அரசியல் பாட்டு கூடாது என்று நிபந்தனைகள் வருவதும் நியூஸ்ல அடிக்கடி பார்ப்பீங்க. ஒரே சினிமாப் பாட்டுக்கு ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆடினால் 'குரூப் டான்ஸ்', கைதட்டல். திருவிழா மேடையில் ஆடினால் மனு.

இந்தப் பட்டியலில் கடைசியில் வைக்கப்பட்டது பறை. 'பறை' என்றால் சொல்லுவது. மலையாளத்தில் இன்னைக்கும் 'பறயுக' என்றால் அதுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய பொருள்களில் தெய்வம், உணவு, மரத்தோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. அப்போது அது எல்லா நிலத்துக்கும் உரிய கருவி. பிறகு அதை அடிக்கும் சமூகத்தின் மேல் தீண்டாமை ஏற்றப்பட்டது. ஊர்க்காரர்களின் சாவு வீட்டில் அடிப்பது கட்டாய ஊழியம் ஆக்கப்பட்டது.

அந்தச் சமூகத்தின் பெயரைத்தான் போர்த்துகீசியர் வழியாக இங்கிலீஷ் 17-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது. இன்னைக்கு இங்கிலீஷ் பேப்பர்ல 'பரையா ஸ்டேட்'ன்னு ஒரு நாட்டைத் திட்டுறாங்களே, அது நம்ம பறையில் இருந்து போன சொல். யோசிச்சுப் பாருங்க. நம்ம நாட்டு ஆட்டத்தில் இருந்தும் அடியில் இருந்தும் இங்கிலீஷ் எடுத்துக்கொண்ட சொற்களில் இரண்டு: 'நாட்ச்', 'பரையா'. இரண்டுமே இன்சல்ட்.

பழி முழுக்க இங்கிலீஷ் மேல போட முடியாது. அவங்க சொல்லை மட்டும் எடுத்துட்டுப் போகல, நாம அந்தச் சொல்லுக்குள்ள வெச்சிருந்த அர்த்தத்தையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போனாங்க.

ஆனா கதை இங்க முடியல. அதுவும் திண்டுக்கல்லிலேயே தொடருது. சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக் குழு எங்க ஊர்ப் பக்கம் பல வருடங்களாக இளம்பெண்களுக்குப் பறையடித்து ஆடப் பயிற்சி கொடுக்கிறது. வழக்கமாக ஆண்கள் அடித்த கருவி. சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்ட கருவி. அதைப் பெண்கள் மேடையில் நின்று நேராகப் பார்த்து அடிக்கிறார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படம் எடுத்திருக்கிறார். சென்னை, பெங்களூர் பக்கமெல்லாம் இன்னைக்கு ஐடி ஆட்கள் வார இறுதியில் பறை கத்துக்கிறாங்க. பெயரிலும் ஒரு விவாதம் நடக்குது: 'தப்பாட்டம்' என்றால் தப்பான ஆட்டம் மாதிரிக் கேக்குது, 'பறையாட்டம்'ன்னே சொல்லுங்க என்பவர்கள் ஒரு பக்கம். 'தப்பு'ங்கறது கருவியோட பழைய பெயர், அதை ஏன் விடணும் என்பவர்கள் இன்னொரு பக்கம்.

நான் கவனிச்ச பெரிய வித்தியாசம் இதுதான். 1932-ல் ஒரு கலைக்கு மரியாதை வரணும்னா பெயரை மாத்தணும், ஆளை மாத்தணும்னு ஆச்சு. பறையில் பலர் கேட்பது அதற்கு நேர் எதிர்: பெயரும் இதேதான், ஆட்களும் நாங்கதான், மரியாதையைக் கொடுங்க. இது ரொம்பக் கஷ்டமான வழி. என்னைக் கேட்டா, நேர்மையான வழி.

பறையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வளையம், மேலே இழுத்து ஒட்டிய தோல். அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்பில் காய்ச்சணும், இல்லன்னா சத்தம் வராது. ஒரு கையில் ஒல்லியான சிண்டுக்குச்சி, இன்னொரு கையில் குட்டையான அடிக்குச்சி. அடிச்சுக்கிட்டே ஆடணும், ஆடிக்கிட்டே அடிக்கணும். மூணு நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்குச்சு. இது 'சும்மா குதிக்கிறது' இல்லைன்னு உடம்புக்குத் தெரிஞ்சிடுச்சு.

பஞ்சாயத்து என்னாச்சு?

இதையெல்லாம் படிச்சுட்டு அம்மாகிட்ட போன்ல பேசினேன். லெக்சர் கொடுக்கல, கொடுத்தா போனை வெச்சுடுவாங்க. "நீங்க சின்ன வயசுல ஆடினதே இல்லையாம்மா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"நான் எங்கடா ஆடினேன்?"

"முளைப்பாரிக்கு?"

"அது ஆட்டமாடா? அது கும்மி!"

அவங்களே சிரிச்சுட்டாங்க. அப்புறம் பத்து நிமிஷம் நிறுத்தாமப் பேசினாங்க. முளைப்பாரியை நடுவுல வெச்சு வட்டமா நின்னு விடிய விடியக் கும்மி கொட்டினது, கால் வீங்கினது, மறுநாள் வயலுக்குப் போனது. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க அப்பா வீட்டுல "நம்ம வீட்டுப் பொம்பளைங்க கும்மிக்கெல்லாம் போறதில்ல"ன்னு சொன்னதும் அப்படியே நிறுத்தினது. இத்தனை வருஷத்துல இதை எங்க யார்கிட்டயும் அவங்க சொன்னதில்ல.

அப்போதான் எனக்கு உறைச்சது. அம்மா அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன வாக்கியம் அம்மாவோடது இல்ல. அவங்ககிட்ட யாரோ சொன்னது. அதைப் பத்திரமா வெச்சிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்காங்க, நகை கொடுக்கிற மாதிரி.

அண்ணன் பொண்ணு இப்போ கிளாஸுக்குப் போறா. அம்மா முழு மனசா ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னா பொய். "சாவு வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டா போகக் கூடாது"ன்னு ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. அந்தக் கண்டிஷனுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியும், என்னைக்காவது அந்தப் பொண்ணுக்கும் தெரியும். அந்தப் பேச்சு இன்னும் பாக்கி இருக்கு. ஆனா போன வாரம் போன்ல, "இன்னைக்கு உன் அண்ணன் மக ஆட்டத்துக்குப் போயிருக்கா"ன்னாங்க. டான்ஸுன்னு சொல்லல, நாட்டியம்னு சொல்லல. ஆட்டம்னுதான் சொன்னாங்க. குரல்ல பழைய கசப்பு இல்ல.

உங்க வீட்டுல 'நம்ம வீட்டுப் பொம்பளைங்க இதெல்லாம் ஆடுறதில்ல'ன்னு யாராவது சொன்னா, சண்டை போடாதீங்க. நீங்க எப்போ நிறுத்தினீங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.